ரேங்கிங் லிஸ்ட்டில் கோடு எங்கே விழுகிறது?

ஆகஸ்ட் பிறந்தால் எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் பேச்சே மாறிவிடும். நெல்லுக்கு உரம், கொழுந்து விலை, வாளையாரில் லாரி வரிசை எல்லாம் ஓரம் கட்டப்பட்டு, "டிராஃப்ட் என்னைக்கு? எந்த ரேங்கிங் நல்ல ரேங்கிங்?" என்று ஆரம்பித்துவிடுவார்கள். முதல் கேள்விக்குப் பதில் சுலபம்: சீசன் தொடங்குவதற்கு முந்தின ஞாயிறு ராத்திரி. இரண்டாவது கேள்விக்கு டைப் அடித்து டைப் அடித்து விரல் தேய்ந்துவிட்டது. அதனால் மொத்தமாக இங்கே எழுதி வைக்கிறேன். இனி கேட்பவர்களுக்கு லிங்க்தான்.

நாங்கள் எட்டுப் பேர். நான் கொழிஞ்சாம்பாறை. சித்தூரில் ஒரு சேட்டன், கோவிந்தாபுரத்தில் மாந்தோப்பு வைத்திருக்கும் நண்பர், வேலந்தாவளத்திலிருந்து தினமும் கோயமுத்தூருக்கு வேலைக்குப் போய்வரும் ஒரு தம்பி. மலைப்பக்கம் மூணாறு மாப்பிள்ளை, மறையூரில் அவன் சித்தப்பா பையன், வண்டிப்பெரியார் அண்ணன். எட்டாவது ஆள் துபாயில் இருக்கிறார், மறுநாள் காலை டியூட்டி என்று புலம்பிக்கொண்டே ஆடுவார். பாதிப் பேர் பொள்ளாச்சியில் ஒன்றாகப் படித்தவர்கள், மீதிப் பேர் அவர்களோடு ஒட்டிக்கொண்டவர்கள்.

ஆடுவது இங்கிலீஷ் பிரீமியர் லீக்கின் ஃபேன்டஸி விளையாட்டு: நாம் எடுத்த ஆட்டக்காரர்கள் நிஜ மேட்ச்சில் ஆடுவதற்கு ஏற்ப நமக்குப் புள்ளி. அதிலும் எல்லோரும் ஆடும் சாதா வகை இல்லை, டிராஃப்ட் வகை. சாதா வகையில் உங்கள் கையில் பத்துக் கோடி பவுண்டு கற்பனைப் பணம் இருக்கும், அதற்குள் பதினைந்து பேரை வாங்க வேண்டும். உலகம் முழுக்க ஒரு கோடிக்கு மேல் டீம்கள் அதில் ஓடுகின்றன. அத்தனை டீமிலும் ஹாலண்ட் இருக்கலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். 2017-18 சீசனில் வந்த டிராஃப்ட்டில் பணமே கிடையாது. எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் ஆன்லைனில் உட்கார்ந்து ஒருவர் பின் ஒருவராக, ரவுண்டு ரவுண்டாக, ஆளைப் பொறுக்க வேண்டும். அந்த ஒவ்வொரு பொறுக்கலும் ஒரு பிக். சேட்டன் ஹாலண்டை எடுத்துவிட்டால் அந்த லீக்கில் ஹாலண்ட் சேட்டனுக்கு மட்டும்தான். கேப்டன் என்று ஒருவரை வைத்து இரட்டிப்புப் புள்ளி வாங்கும் வித்தையும் கிடையாது. ஆகவே அந்த ஒரு ராத்திரியில் ஒரு மணி நேரம் என்ன செய்கிறோமோ அதுதான் மே மாதம் வரை நம்மைச் சோறு போட்டு வளர்க்கும், அல்லது பட்டினி போடும்.

"ஓ, டிரீம் லெவனா?" என்று கேட்பவர்களுக்காக ஒரு வார்த்தை. இல்லை. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்து 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் போட்டது. டிரீம் லெவனும் காசு கட்டும் போட்டிகளை நிறுத்திவிட்டது. நாங்கள் ஆடுவதில் ஆரம்பத்திலிருந்தே ஒரு பைசா புழங்கியதில்லை. கடைசி இடம் வருபவர் அடுத்த ஓணத்துக்கு எல்லோருக்கும் பாயசம் வாங்கித் தர வேண்டும், அவ்வளவுதான் பந்தயம். துபாய்க்காரர் அந்தக் கடனை இன்னும் அடைக்கவில்லை.

சரி, ரேங்கிங்குக்கு வருவோம். டிராஃப்ட்டுக்கு முன்னால் கையில் கிடைக்கும் லிஸ்ட் மூன்று வகை. விளையாட்டின் சொந்தத் தளமே எல்லா ஆட்டக்காரர்களையும் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசைப்படுத்தி வைத்திருக்கும். இரண்டாவது, போன சீசனில் யார் எவ்வளவு புள்ளி எடுத்தார்கள் என்ற கணக்கு. மூன்றாவது, யூடியூப்பிலும் பாட்காஸ்ட்டிலும் உட்கார்ந்து பேசுகிற வல்லுநர்களின் லிஸ்ட். இதில் எது நல்லது என்பதுதான் குரூப்பின் கேள்வி. என் பதில்: எதை வேண்டுமானாலும் எடுங்கள், ஆனால் வரிசை எண்ணை நம்பாதீர்கள். 14ஆம் எண்ணுக்கும் 15ஆம் எண்ணுக்கும் உள்ள தூரமும், 2ஆம் எண்ணுக்கும் 3ஆம் எண்ணுக்கும் உள்ள தூரமும் ஒன்றல்ல. லிஸ்ட்டில் எல்லாமே ஒரு வரி இடைவெளிதான். நிஜத்தில் சில இடத்தில் சமதளம், சில இடத்தில் கிடுகிடு பள்ளம். மூணாறிலிருந்து பூப்பாறை வழியாகப் போடிமெட்டு இறங்கியவர்களுக்குத் தெரியும்: மணிக்கணக்கில் மேட்டிலேயே ஓடும் வண்டி, செக்போஸ்ட் தாண்டியதும் கொண்டைஊசி வளைவுகளில் தேனிச் சமவெளிக்கு விழும். லிஸ்ட்டில் அந்தச் செக்போஸ்ட் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்து அங்கே ஒரு கோடு போடுவதுதான் தயாரிப்பு.

2022-23 சீசனின் முடிவை எடுத்துப் பாருங்கள். ஃபார்வர்டுகளில் ஹாலண்ட் 272 புள்ளி, ஹாரி கேன் 263. மூன்றாவது யார்? ஐவன் டோனி, 182. அடுத்தவர் வாட்கின்ஸ், 175. கேனுக்கும் டோனிக்கும் நடுவே 81 புள்ளி பள்ளம், டோனிக்கும் வாட்கின்ஸுக்கும் வெறும் 7. அதே வருஷம் மிட்ஃபீல்டர்களில் சலா 239, ஓடெகார்ட் 212, ராஷ்ஃபோர்டு 205, சாக்கா 202, மார்ட்டினெல்லி 198. சலாவைத் தள்ளிவிட்டால் மற்ற நால்வரும் ஒரே மட்டம்.

இப்போது மொத்தப் புள்ளியை மட்டும் வைத்து ஒரே லிஸ்ட்டாகப் போட்டால் ஓடெகார்ட் நான்காவது, டோனி பத்துக்குப் பக்கத்தில். "நாலாவது பிக்கில் ஓடெகார்ட்" என்று லிஸ்ட் சொல்லும். ஆனால் ஓடெகார்டை விட்டால் ராஷ்ஃபோர்டு கிடைப்பார், அவரை விட்டால் சாக்கா, நஷ்டம் பத்துப் புள்ளி. கேனை விட்டவருக்கு நஷ்டம் எண்பது. கேன் இருக்கும்போது கேனை எடுப்பதும், கேன் போன பிறகு டோனிக்காக அவசரப்படாமல் இருப்பதும் இதனால்தான். டோனி போனால் வாட்கின்ஸ் இருக்கிறாரே.

இது நான் கண்டுபிடித்ததல்ல. அமெரிக்கர்கள் அவர்களுடைய ஃபுட்பாலுக்கு எப்போதோ செய்து வைத்த வேலை. அங்கே 1963இல் ஓக்லாண்டில் பில் விங்கன்பாக் என்பவரும் கூட்டாளிகளும் உட்கார்ந்து ஆடிய டிராஃப்ட்டில்தான் ஃபேன்டஸி ஃபுட்பால் தொடங்கியது. முதல் பிக்காகப் போனவர் ஜார்ஜ் பிளாண்டா. அவர் குவார்ட்டர்பேக்காகவும் ஆடுவார், கோல் கம்பத்துக்கு நடுவே பந்தை உதைத்துப் புள்ளி எடுக்கும் கிக்கரும் அவரே. ஒரே ஆளிடமிருந்து இரண்டு வழியில் புள்ளி! பிற்பாடு ஜோ பிரையன்ட் என்ற எழுத்தாளர் இந்தப் பள்ளக் கணக்கை ஒரு முறையாகவே எழுதி வைத்தார்: ஒரு ஆட்டக்காரர் எவ்வளவு எடுப்பார் என்று பார்க்காதே, அதே இடத்தில் உனக்குக் கடைசியாகக் கிடைக்கக்கூடிய ஆளைவிட எவ்வளவு கூட எடுப்பார் என்று பார். நம்ம ஊர் டிராஃப்ட்டுக்கும் இது அப்படியே பொருந்துகிறது.

கடைசியாகக் கிடைக்கும் ஆள் யார் என்று எப்படித் தெரியும்? இதற்கு லிஸ்ட் வேண்டாம், கூட்டல் பெருக்கல் போதும். ஒவ்வொரு டீமுக்கும் 2 கீப்பர், 5 டிஃபெண்டர், 5 மிட்ஃபீல்டர், 3 ஃபார்வர்டு. எட்டு டீமுக்குப் பெருக்கினால் 16, 40, 40, 24. மொத்தம் 120 பேர். பிரீமியர் லீக்கில் கிளப்புகள் 20. பெரும்பாலான கிளப்புகள் ஒரே ஸ்ட்ரைக்கரை வைத்துத்தான் ஆடுகின்றன, இரண்டு பக்கமும் ஓடும் விங்கர்களை விளையாட்டுத் தளம் மிட்ஃபீல்டர் கணக்கில் போட்டுவிடும். ஆக வாராவாரம் முதல் பதினொன்றில் நிச்சயம் இறங்கும் ஃபார்வர்டுகள் இருபதைத் தாண்டுவதே பெரிது. தேவையோ 24. யாராவது சிலர் பெஞ்ச்சில் உட்காரும் ஃபார்வர்டை வைத்துக்கொண்டு சீசனை ஓட்டியே ஆக வேண்டும். அவர்களில் நீங்கள் ஒருவராக இருக்கக் கூடாது என்றால் மூன்றாவது ஃபார்வர்டைப் பதினான்காவது ரவுண்டு வரை தள்ளிப் போடாதீர்கள்.

கீப்பர் கதை நேர் எதிர். இருபது கிளப்புக்கு இருபது கீப்பர், தேவை 16. கேட்க நெருக்கடி மாதிரி இருக்கும். ஆனால் முதல் கீப்பருக்கும் எட்டாவது கீப்பருக்கும் வருஷக் கடைசியில் இருக்கும் வித்தியாசம் ஃபார்வர்டுகளில் பார்த்த பள்ளம் மாதிரி இருப்பதில்லை. களத்தில் இறங்குவதும் ஒருவர்தான். எந்த லிஸ்ட்டிலாவது முதல் முப்பதுக்குள் கீப்பர் பெயரைப் பார்த்தால் அந்த லிஸ்ட்டை நான் மூடி வைத்துவிடுவேன். வண்டிப்பெரியார் அண்ணன் இதை ஒப்புக்கொள்ள மாட்டார். "கோல்கீப்பர் சரியில்லாத டீம் டீமே இல்ல தம்பி" என்பார். அவர் இளவயதில் எஸ்டேட் டீமுக்குக் கீப்பராக நின்றவர், அவரிடம் என்ன பேசுவது.

அடுத்தது பாம்பு. ஸ்னேக் டிராஃப்ட் என்பார்கள்: முதல் ரவுண்டு ஒன்றிலிருந்து எட்டு வரை போகும், இரண்டாவது ரவுண்டு எட்டிலிருந்து ஒன்றுக்குத் திரும்பி வரும். எட்டாவது இடத்தில் இருப்பவருக்கு 8, 9 என்று அடுத்தடுத்து இரண்டு பிக். முதல் இடத்தில் இருப்பவர் முதல் ஆளை எடுத்த பிறகு 16 வரை சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும், பிறகு 16, 17 சேர்ந்து வரும். மூன்றாவது இடம் என்று வையுங்கள். உங்கள் பிக்குகள் 3, 14, 19, 30, 35. கவனியுங்கள்: 3க்கும் 14க்கும் நடுவே பத்துப் பேர் போய்விடுவார்கள், 14க்கும் 19க்கும் நடுவே நான்கு பேர்தான். அந்த நான்கையும் எடுப்பவர்கள் இரண்டே பேர், உங்களுக்கு முன்னால் இருக்கும் ஒன்றாம் இடத்துக்காரரும் இரண்டாம் இடத்துக்காரரும்.

இங்கேதான் ரேங்கிங் லிஸ்ட்டைவிட எதிராளியின் டீம் முக்கியமாகிவிடுகிறது. பத்தாவது ரவுண்டில் உங்கள் பிக் 78, அடுத்தது 83. நடுவில் இருக்கும் இரண்டு பேரும் ஏற்கனவே இரண்டிரண்டு கீப்பர் எடுத்து முடித்திருந்தால், 83 வரைக்கும் உங்கள் கீப்பரை யாரும் தொட மாட்டார்கள். அவர்களுக்கு அங்கே இடமே இல்லை. ஆகவே 78இல் வேறு இடத்தை நிரப்பிக்கொண்டு கீப்பரை 83இல் எடுக்கலாம். டிராஃப்ட் நடக்கும்போது என் மடியில் ஒரு நீள நோட்டு இருக்கும். அதில் எட்டுப் பேருக்கும் ஒவ்வொரு கட்டம், யார் எந்த இடத்தில் எத்தனை ஆள் எடுத்தார்கள் என்று பென்சிலால் கோடு கோடாகப் போட்டுக்கொண்டே வருவேன். வேறு ஒருவர் பிரவுசரின் பக்கத்து டேபில் எக்செல் போட்டு வைத்திருப்பார். ஃபோன் ஸ்கிரீனில் டிராஃப்ட்டும் எக்செலும் மாறி மாறிப் பார்ப்பதற்குள் அவருடைய நேரம் முடிந்துவிடும். பென்சில் போதும்.

இனி லிஸ்ட் சொல்லாத விஷயங்கள். இதில் முதலாவது நிமிடக் கணக்கு. ஒரு மேட்ச்சில் அறுபது நிமிடம் ஆடினால் இரண்டு புள்ளி, அதற்குள் வெளியே வந்தால் ஒன்று. அது சின்ன விஷயம் மாதிரி தெரியும், ஆனால் களத்தில் இல்லாதவன் கோல் போடுவதும் இல்லை. பெரிய கிளப்புகள் வாரம் நடுவே ஐரோப்பியப் போட்டி ஆடுவதால் சனிக்கிழமை யாரை உட்கார வைப்பார்கள் என்று கடவுளுக்கும் கோச்சுக்கும்தான் தெரியும். அங்கே பெரிய பெயரோடு ஆயிரத்துச் சொச்ச நிமிடம் ஆடியவரைவிட, பத்தாவது இடத்துக் கிளப்பில் மூவாயிரம் நிமிடம் ஆடியவர் டிராஃப்ட்டுக்கு நல்லவர்.

மூணாறு மாப்பிள்ளையின் அப்பாவுக்கு ஃபேன்டஸி பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் பழைய மூணாறு கிரவுண்டில் எஸ்டேட் டீம்கள் மோதும் ஃபின்லே ஷீல்டு போட்டியை ஒரு வருஷம் விடாமல் பார்ப்பவர். ஜேம்ஸ் ஃபின்லே கம்பெனி காலத்தில் தொடங்கிய ஷீல்டு அது. ஃபின்லே போய் டாடா வந்து, 2005இல் கண்ணன் தேவன் கம்பெனி வந்த பிறகும் நடந்துகொண்டே இருக்கிறது. ஒரு டீமைப் பார்த்ததும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "இவன் கடைசி இருபது நிமிஷம் கீழ இறங்கி வருவானா?" என்பது. அந்த உயரத்தில், சேறான கிரவுண்டில், முதல் பாதியில் பறப்பவன் எல்லாம் எழுபதாவது நிமிடத்தில் இடுப்பில் கை வைத்து நின்றுவிடுவான் என்பது அவர் கணக்கு. பெயரை அவர் கேட்பதே இல்லை. மாப்பிள்ளை எங்கள் லீக்கில் அடிக்கடி மேலே வருவதற்கு அப்பாவின் இந்தக் கண்தான் காரணம் என்பது என் சந்தேகம்.

நிமிடம் என்றதும் நம்ம பாலக்காட்டுக்காரர் தனராஜன் ஞாபகம் வராமல் போகாது. மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகமதன் ஸ்போர்ட்டிங் என்று கொல்கத்தாவின் மூன்று பெரிய கிளப்புக்கும் ஆடியவர். 2019 டிசம்பர் 29 அன்று பெரிந்தல்மண்ணையில் செவன்ஸ் மேட்ச் ஆடிக்கொண்டிருந்தபோது மைதானத்தில் சரிந்து விழுந்தார், உயிர் பிழைக்கவில்லை. அவர் குடும்பத்துக்கு நிதி திரட்ட 2020 ஜனவரியில் பாலக்காடு நூரணி மைதானத்தில் மேட்ச் வைத்தபோது கேலரி இடிந்து பலருக்குக் காயம் பட்டது. ஐ.எம்.விஜயனும் பூட்டியாவும் வந்திருந்த மேட்ச் அது. ராத்திரிக்கு ராத்திரி ஊர் ஊராகப் போய் ஆடும் செவன்ஸ்காரர்களின் உடம்புக்கு யார் கணக்கு வைக்கிறார்கள்? இந்தப் பதிவுக்கு இது வெளி விஷயம்தான், எழுதாமல் விட மனசு வரவில்லை.

திரும்ப வருகிறேன். லிஸ்ட் சொல்லாத இரண்டாவது விஷயம், விதி மாற்றம். டிஃபெண்டர் கோல் போட்டால் 6, மிட்ஃபீல்டர் போட்டால் 5, ஃபார்வர்டு போட்டால் 4 என்பது பழைய கணக்கு. சலா ஆண்டாண்டு காலமாக மிட்ஃபீல்டர் கணக்கில் இருந்து கொழித்தது இப்படித்தான். 2025-26 சீசனில் புதிதாக ஒன்று சேர்த்தார்கள்: ஒரு டிஃபெண்டர் ஒரே மேட்ச்சில் பந்தை விலக்கியது, தடுத்தது, இடைமறித்தது, டேக்கிள் செய்தது எல்லாம் சேர்த்துப் பத்து வந்தால் கூடுதலாக 2 புள்ளி. அதுவரை கோலும் போடாமல் அசிஸ்ட்டும் கொடுக்காமல் பாதுகாப்பாக நின்ற சென்டர் பேக்குகளுக்குத் திடீரென்று மதிப்பு வந்துவிட்டது. போன வருஷப் புள்ளியை வைத்துப் போட்ட லிஸ்ட்டில் இவர்கள் அடியில் கிடந்தார்கள். வேலந்தாவளத்துத் தம்பி விதியைப் படித்தவன், கடைசி ரவுண்டுகளில் அவர்களாகப் பொறுக்கினான். சீசன் தொடங்கின பிறகு எல்லோரும் அவனிடம் மாற்றுக் கேட்டு நின்றார்கள்.

மூன்றாவது விஷயம் போன வருஷப் புள்ளியின் மயக்கம். 2024-25இல் சலா 29 கோல், 18 அசிஸ்ட், 344 புள்ளி. அதுவரை இந்த விளையாட்டில் யாரும் எட்டாத உயரம். இரண்டாவது வந்த எம்பூமோ 236. நூறு புள்ளிக்கு மேல் இடைவெளி. அடுத்த ஆகஸ்டில் எந்த லிஸ்ட்டைத் திறந்தாலும் சலாதான் முதலிடம். ஆனால் ஒரு வருஷம் 344 எடுத்தவர் அடுத்த வருஷமும் 344 எடுப்பார் என்று எந்தச் சாஸ்திரமும் சொல்லவில்லை. உச்சம் தொட்ட வருஷத்துக்கு அடுத்த வருஷம் இறங்குவதுதான் வழக்கம். அவருக்கு வயது 33 ஆகியிருந்தது. போதாததற்கு 2025 டிசம்பர் 21 முதல் மொரோக்கோவில் ஆப்பிரிக்கக் கோப்பை, எகிப்துக்கு ஆட அவர் போயே ஆக வேண்டும், கேமரூனுக்கு எம்பூமோவும் அப்படியே. இவ்வளவும் ஆகஸ்டிலேயே தெரிந்த விஷயங்கள், எதுவும் ரகசியமில்லை. நவம்பர் கடைசியில் வெஸ்ட் ஹாம் மேட்ச்சில் லிவர்பூல் அவரைப் பெஞ்ச்சில் உட்கார வைத்தது. முதல் பிக்கில் அவரை எடுத்திருந்த கோவிந்தாபுரத்து நண்பர் அன்றைக்குக் குரூப்பில் ஒரு வார்த்தை பேசவில்லை. முதல் பிக்கில் சலாவை எடுத்ததைக் குறை சொல்ல மாட்டேன், ஆனால் இரண்டாமிடத்துக்கும் அவருக்கும் நூறு புள்ளி பள்ளம் அடுத்த வருஷமும் இருக்கும் என்று நினைத்து எடுத்திருந்தால் அது கணக்குப் பிழை.

பெனால்டி யார் அடிக்கிறார்கள், கார்னர் யார் எடுக்கிறார்கள் என்பதை ஒவ்வொரு கிளப்புக்கும் தனியாகக் குறித்து வையுங்கள். இதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதலாம், வேண்டாம். ஒரு பெனால்டி அடிப்பவரையும் அடிக்காதவரையும் லிஸ்ட் பக்கத்துப் பக்கத்தில் வைத்திருந்தால் அடிப்பவரை எடுங்கள், முடிந்தது.

அடுத்து பாசம். கேரளத்தில் இருந்துகொண்டு இதைச் சொல்லாமல் இருக்க முடியாது. 2022 உலகக் கோப்பைக்குக் கோழிக்கோடு பக்கம் புள்ளாவூர் ஆற்றில் மெஸ்ஸி, நெய்மர், ரொனால்டோ மூவருக்கும் பனைமர உயரத்துக்குக் கட் அவுட் நட்ட மாநிலம் இது. எங்கள் சேட்டன் மான்செஸ்டர் யுனைடெட் பக்தர். 2024-25இல் யுனைடெட் பதினைந்தாவது இடத்தில் முடித்தது. சேட்டனின் ஃபேன்டஸி டீம் எந்த இடத்தில் முடித்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. "எடா, நம்முடெ பிள்ளேரு அல்லே" என்று ஒவ்வொரு ரவுண்டிலும் ஒரு யுனைடெட் ஆள். அவரைத் திருத்த முடியாது, திருத்தவும் மாட்டேன், ஏனென்றால் மற்ற ஏழு பேருக்கும் அது லாபம். யுனைடெட் ஆட்டக்காரர்களை லிஸ்ட் சொல்லும் இடத்துக்கு ஒரு ரவுண்டு முன்னாலேயே சேட்டன் எடுத்துவிடுவார், அதனால் மற்ற கிளப் ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவரும் ஒரு படி கீழே நமக்காக மிஞ்சுவார்கள். உங்கள் லீக்கிலும் இப்படி ஒரு சேட்டன் இருப்பார். யார் எந்தக் கிளப்பின் பக்தர் என்பதை உங்கள் நோட்டில் முதல் பக்கத்தில் எழுதுங்கள். எந்த வல்லுநர் லிஸ்ட்டிலும் இது கிடைக்காது.

இப்போது மலைப்பக்கத்து நண்பர்களுக்கு முக்கியமான விஷயம். ஆகஸ்டில் இடுக்கியில் மழை எப்படி இருக்கும் என்று எனக்குச் சொல்ல வேண்டாம். டிராஃப்ட் பாதியில் கரண்ட் போகும், டவர் போகும். உங்கள் முறை வந்து நேரம் ஓடிவிட்டால் தளமே உங்களுக்காக ஆளை எடுத்துவிடும். எப்படி எடுக்கும்? நீங்கள் வாட்ச்லிஸ்ட் போட்டு வைத்திருந்தால் அதில் மேலே இருப்பவரை எடுக்கும். போடாவிட்டால் அதன் சொந்த ரேங்கிங்கில் மிச்சம் இருப்பவர்களில் மேலே இருப்பவரை எடுக்கும். ஆகவே மறையூரிலோ வண்டிப்பெரியாரிலோ இருப்பவருக்கு ரேங்கிங் என்பது யோசனைக்குக் கைகொடுக்கும் காகிதம் மட்டுமல்ல, அவர் இல்லாத நேரத்தில் அவருக்காக ஆடப்போகும் ஆள் அதுதான். நோட்டில் போட்ட கோடுகளை வாட்ச்லிஸ்ட்டில் வரிசையாக ஏற்றி வையுங்கள். அறுபது பேராவது வேண்டும். முதல் பதினைந்து பேரை மட்டும் ஏற்றிவிட்டு நிம்மதியாகத் தூங்குபவர்கள் உண்டு, அந்தப் பதினைந்தும் இரண்டாவது ரவுண்டு முடிவதற்குள் காலி.

ஏற்றும்போது இடங்களைக் கலந்து வையுங்கள். ஃபார்வர்டுகளை எல்லாம் மேலே அடுக்கிவிட்டால் இயந்திரம் பேசாமல் முதல் மூன்று பிக்கிலும் ஃபார்வர்டாக எடுத்துத் தள்ளும். அதற்குப் பள்ளமும் தெரியாது, சேட்டனையும் தெரியாது. நேரக் கெடுவை லீக் நிர்வாகி கூட்டி வைக்கலாம். எங்கள் லீக்கில் மலைக்காரர்கள் சண்டை போட்டு அதைக் கூட்ட வைத்தார்கள், நியாயம்தான்.

டிராஃப்ட் முடிந்ததும் லிஸ்ட்டைக் கிழித்துப் போடலாம், உண்மையாகத்தான் சொல்கிறேன். 2023 ஆகஸ்டில் போட்ட எந்த ரேங்கிங்கிலும் கோல் பாமர் பெயர் உயரத்தில் இருந்திருக்க வழியில்லை. மான்செஸ்டர் சிட்டியில் இடம் கிடைக்காமல் இருந்த பையன், செப்டம்பர் 1 அன்று, சீசன் தொடங்கிச் சில வாரம் கழித்து, செல்சிக்குப் போனார். அந்த சீசன் முடிவில் 22 கோல், 244 புள்ளி, மொத்த விளையாட்டிலும் முதலிடம். 120 பேரை எட்டுப் பேர் பங்கு போட்டு எடுத்த பிறகும் யாருக்கும் வேண்டாதவராக வெளியே கிடந்த ஒருவர் எல்லோரையும் தாண்டினார்.

இப்படி வெளியே கிடப்பவர்களை எடுக்கும் வழிக்கு வெய்வர் என்று பெயர். ஒவ்வொரு வாரமும் முதல் மேட்ச்சுக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் டீம் பூட்டப்படும், அதற்கும் இருபத்து நான்கு மணி நேரம் முன்னால் வெய்வர் மூடப்படும். வெள்ளிக்கிழமை மேட்ச் நமக்கு நள்ளிரவு 12.30க்கு என்றால் டீம் பூட்டு ராத்திரி 11, வெய்வர் வியாழன் ராத்திரி 11. மேட்ச் சனிக்கிழமை சாயங்காலம் 5 மணிக்கு என்றால் வெய்வர் வெள்ளி பிற்பகல் 3.30க்கே முடிந்துவிடும். அக்டோபர் கடைசியில் அங்கே கடிகாரத்தைத் திருப்பி வைப்பார்கள், நமக்கு எல்லாம் ஒரு மணி நேரம் தள்ளிப்போகும். வெள்ளி பிற்பகல் வேலையில் இருப்பவர்கள் ஃபோனில் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேர் ஒரே ஆளைக் கேட்டால், எங்களைப் போல மொத்தப் புள்ளியை வைத்து ஆடும் லீக்கில், டேபிளில் கீழே இருப்பவருக்குத்தான் முதல் உரிமை. பாயசம் வாங்கும் அபாயத்தில் இருப்பவருக்கு அது ஒரு ஆறுதல்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். துபாய்க்காரர் இந்த வருஷம் ஷிஃப்ட் ஒத்துவராது என்று விலகிக்கொண்டார், எங்கள் லீக்கில் ஒரு இடம் காலி. நெல்லியாம்பதி, அட்டப்பாடி, பீர்மேடு, குமுளி, உடும்பஞ்சோலை எந்தப் பக்கம் இருந்தாலும் சரி, தமிழோ மலையாளமோ பேசினால் போதும். பணம் கிடையாது. மே மாதம் வரை வாராவாரம் டீம் மாற்றுவேன், பாதியில் ஓட மாட்டேன் என்று வாக்குக் கொடுப்பவர்கள் எனக்கு எழுதுங்கள். யுனைடெட் ரசிகர்களுக்கு முன்னுரிமை.